பத்தாயிரத்தில் மூன்று

பகாவ் கடைவீதியில் நம்பர் கடைக்கு இடப்பக்கம்
என் போட்டோஸ்டாட் கடை.
கூட்டம் அங்கேதான்.
இங்கே வருபவர்கள் மின்விசிறிக்காக ஒதுங்குபவர்கள்.

நவநீதன் லோரியை நிழலில் விட்டுவிட்டு வந்தான்.
பின்னால் ரஃபிக், கையில் மைலோ டின்.
டின்னுக்குள் அறுபத்து நான்கு சீட்டு.
தோட்டத்திலேயே தொங்கு தராசில் நிறுத்து
ரஃபிக் பேனாவில் குறித்த எடை பின்பக்கம்,
ராம்ப்பில் நிறுத்து அச்சடித்த எடை முன்பக்கம்.
சம்பளம் அச்சுக்குத்தான்.
"நெசமாவே குறையுதா, இல்ல எங்களுக்கு அப்படித் தோணுதா,
உன் கம்ப்யூட்டரைக் கேளு."

கேட்பதற்கு முன் அதற்கு ஊட்ட வேண்டும்.
இரண்டு இரவு தட்டினேன்.
மழை நக்கிய ஐந்து சீட்டில்
மூன்று எது, ஐந்து எது என்றே தெரியவில்லை.
அவசரத்தில் ரஃபிக் தன் ஊர் எழுத்தில் போட்டிருந்த நான்கு
எனக்கு எட்டாகத் தெரிந்தது.
நாற்பது கிலோ கூட்டிவிட்டு, அவனிடம் கேட்டு,
வெட்கத்தோடு கழித்தேன்.
நனைந்த ஐந்தையும் நீக்கினேன்.
நீக்குவதற்கு ஒரே வரி போதும்.
அந்த ஐந்து நாளும் குலை சுமந்த தோளுக்கு
அந்த வரியில் இடமில்லை.

நேர்மையான பிழைக்கு இரண்டு கால் உண்டு.
இருபது கிலோ கூடும், பதினேழு குறையும்,
பூச்சியத்தைச் சுற்றியே நொண்டி விளையாடும்.
காலைச் சீட்டு முப்பத்தைந்தும் அப்படித்தான் விளையாடின.
மதியம் இரண்டுக்கு மேல் இருபத்து நான்கு.
அவற்றில் கூடியவை இரண்டே இரண்டு.
சராசரி, பத்தொன்பது கிலோ கீழே.

வெயிலில் குலை காயும் அல்லவா,
என்று நானே எனக்கு எதிராக வாதாடினேன்.
மழை நாள்களைத் தனியே பிரித்தேன்.
மழையிலும் ஏறக்குறைய அதே பள்ளம்.
மழையில் குலை காய்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு கலைத்தேன்.
காலை, மதியம் என்ற பெயர்களை மட்டும் பிடுங்கி
கண்ணை மூடிக்கொண்டு சீட்டுகளின் மேல் எறியச் சொன்னேன்.
நேரத்துக்கும் எடைக்கும் ஒட்டுறவே இல்லாத உலகம் ஒன்று.
மறுபடி கலை, இன்னொன்று.
கோப்பி ஆறுவதற்குள் பத்தாயிரம் உலகம்.
இவ்வளவு பெரிய பள்ளம் தானாக விழுந்தது
அவற்றில் மூன்றில்.

"தற்செயல்னு சொல்ல வழியே இல்லையா?"
"இருக்கு. பத்தாயிரத்துல மூணு."
ரஃபிக்கின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
அவன் தோளுக்கு இது பழைய செய்தி.
நவநீதன் மட்டும் சுவரில் தொங்கிய தவ்கே நாள்காட்டியையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டு மணிக்கு மேல் ராம்ப்பில் யார் உட்காருவது
என்ற பத்தி என் அட்டவணையில் இல்லை.
போன தையில் அவன் தங்கை கலியாணப் பத்திரிகை அடித்தது
இந்த மெஷின்தான்.
மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்று
பத்திரிகையில் போடுவதில்லை.

"அந்த மூணை மட்டும் அச்செடுத்துத் தா" என்றான்.
கொடுத்தேன். மூன்று தாள்,
யார் மேலும் தப்பில்லாத மூன்று உலகம்.
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
வெளியே நம்பர் கடை வரிசை என் வாசல்வரை நீண்டிருந்தது,
பத்தாயிரத்தில் ஒன்றுக்காக
ஆளுக்கு இரண்டு வெள்ளியைப் பிடித்தபடி.
அவர்களைவிட மூன்று மடங்கு நம்பிக்கையோடு
அவன் ஊடே புகுந்து போனான்.

லோரி ஹாரன் அடித்தது.
ரஃபிக் உடனே போகவில்லை.
டின்னுக்குள் கைவிட்டு
இன்றைய சீட்டை மேசையில் வைத்தான்.
மதியம் 2.40.
பின்பக்கம் எனக்குத் தெரிந்த எழுத்தில்
பெரிதாக, நிதானமாக எழுதியிருந்தான்.
அவன் போட்ட நான்கு
நான்காகவே இருந்தது.